பழி சுமந்த பாகல்கொடி

வாசகத் தோழர்களே, வாருங்கள்! வாசலில் நிற்காதீர்கள், நேரே சமையலறைக்குள் வாருங்கள். இங்கே இரத்தம் சிந்தவில்லை. பூட்டு உடைபடவில்லை. காவலர்கள் வந்து எதையும் அளக்கப் போவதுமில்லை. ஆயினும் இந்த மேசையில் ஒரு குற்றம் எத்தனையோ ஆண்டுகளாக வீட்டாரோடு வீட்டாராய் அமர்ந்து உண்டு, கை கழுவிக்கொண்டு எழுந்து போயிருக்கிறது. கண்டவர்கள் வாய் திறக்கவில்லை. காணாதவர்களாவது வந்து காணுங்கள் என்பதற்கே இந்த அழைப்பு.

மேசைமேல் பாருங்கள். விதைப் பொட்டலங்கள், சீட்டாட்டம் பாதியில் நின்றாற்போல் பரப்பிக் கிடக்கின்றன. தக்காளி ஒருபுறம், கத்தரியும் வெண்டையும் ஒருபுறம், முலாம்பழமும் தர்பூசணியும் நடுநாயகமாய். செண்டுமல்லி, காசித்தும்பை, சூரியகாந்தி ஆகியவை கூப்பிடாமல் வந்த விருந்தாளிகளைப்போல் ஓரமாய் ஒதுங்கியிருக்கின்றன. அந்த ஓரத்துக்கும் ஓரத்தில், தண்ணீர்க் கூஜாவுக்குப் பின்னால், ஒரு பொட்டலம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது பாகல்.

ஒளித்து வைத்தவள் அண்ணி.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் அவள். நாத்தனார் ‘அண்ணி’ என்று அழைக்கத் தொடங்க, அதையே தெருவும் எடுத்துக்கொண்டது. பால்காரர் முதல் எதிர்வீட்டுக் கிழவர் வரை எல்லாருமே அவளுக்கு மைத்துனர்கள்தாம். சலவைக்கூடத்தில் புதிதாய்ச் சேரும் எவருக்கும் அவள் முதலில் சொல்லும் பாடம் ஒன்றுதான். “தண்ணி படறதுக்கு முன்னாடி என்ன கறைன்னு கேளு. கேக்காம வெந்நீர்ல போட்டேன்னா, கறை துணியோட குடித்தனம் பண்ணிடும்.” வேலையிடத்தில் அவள் ஒருநாளும் கேட்காமல் துவைத்ததில்லை. வீட்டில்? பொறுங்கள். அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம்.

சென்ற வார இதழில், விதைக்கடையில் அவள் வாயடைத்து நின்றதைக் கண்டவர்களுக்குக் கதை தெரியும். புதிதாக வந்து நிற்பவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

இவ்வீட்டுத் தலைவர் மெக்கானிக். உயர்ந்த கட்டடங்களின் லிஃப்ட்டுகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளுக்கு முன்னால், கொல்லையில் அவர் போட்ட முலாம்பழம் தேனாய் இனித்தது. தெருவே புகழ்ந்தது. அந்தப் பழத்தின் விதையையே எடுத்துவைத்து அடுத்த ஆண்டு விதைத்தார். பழுத்ததும் லிஃப்ட் கம்பெனிச் சகாக்களைக் குடும்பத்தோடு வரவழைத்து, எல்லார் கண்முன்னும் வெட்டினார். பழம் சப்பென்றிருந்தது. தோலோரம் கசந்தது. ஒருவர் சிரித்துவிட்டார். மெக்கானிக்கின் முகம் சிவந்தது. கத்தியை நீட்டி அவர் காட்டிய திசையில், வேலிமேல் ஒரு பாகல்கொடி மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. அதை வைத்தவள் அவருடைய தங்கை. மணம் செய்துகொள்ளாமல், படங்களுக்குச் சட்டம் போடும் தொழிலைக் கற்றுக்கொண்டு, இவ்வீட்டின் பின்னறையில் வாழ்ந்தவள்.

“பக்கத்துல பாகலை வெச்சா பழம் கசக்காம என்ன செய்யும்? இவ கைராசி அப்படி!”

கூட்டம் அவரை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தது. அன்று மாலையே கொடி வேரோடு பிடுங்கப்பட்டது. அதே இடத்தில் ஒரு பெயர் நடப்பட்டது: பாகல். கொடி காய்ந்தது, பெயர் காயவில்லை. பால் திரிந்தால் பாகல் பார்த்திருப்பாள். விளக்கு அணைந்தால் பாகல் தொட்டிருப்பாள். ஒரு வீட்டில் எது கெட்டாலும் முதலில் தேடப்படுவது துணையின்றி நிற்கும் ஒரு பெண்ணின் கை அல்லவா? அந்தப் பருவம் முடிவதற்குள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஊரின் மறுகோடியில் சட்டக்கடைக்கு மேலிருந்த அறைக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நாம் அவளைத் தங்கை என்றே அழைப்போம்.

சென்ற வாரம், கடையைப் பூட்டினாலும் வாயைப் பூட்டாத விதைக்கடைக்காரியிடம் அண்ணி பேச்சுவாக்கில் கேட்டாள்: முலாமுக்குப் பக்கத்தில் பாகல் போட்டால் கசக்கும்தானே?

“ஐயோ, யாரு சொன்னது? பாகல் வேற இனம், முலாம் வேற இனம். தோளோட தோள் உரசினாலும் ஒண்ணு இன்னொண்ணைத் திரும்பிக்கூடப் பாக்காது. வேற ஏதாவதோட கலந்தாலும் அந்த வருஷப் பழம் ஏங்க மாறப்போகுது? விதைக்குள்ளதான் போகும். என்ன, ரெண்டு ரகத்தைக் கலந்த ஹைபிரிட் பழத்துலேருந்து விதை எடுத்தீங்களா? அப்புறம் என்னத்தைச் சொல்ல! அந்தப் பிள்ளைங்க தாத்தா மாதிரி வரும், கொள்ளுத்தாத்தா மாதிரி வரும், பெத்தவங்க மாதிரி மட்டும் வராது!”

கடை வாசலில் காத்திருந்த கணவரிடம், பேருந்தில் திரும்பும்போதே அண்ணி இதைச் சொன்னாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “பழைய குப்பையை எதுக்குக் கிளறுற?” என்றார். அவ்வளவுதான்.

இதற்கிடையில் சட்டக்கடை இருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பின்னறை சும்மாதானே கிடக்கிறது, வந்துவிடு என்று அண்ணி தொலைபேசியில் அழைத்தாள். தங்கை சொன்ன பதில் இது: “முதல்ல விதை தேர்ந்தெடுக்க வர்றேன் அண்ணி. அந்த மேசையில என்னால உக்கார முடியுதான்னு பாக்குறேன். அப்புறம் பெட்டியைப் பத்திப் பேசலாம்.”

ஆகவே, இன்று இந்த மேசையில் விதை தேர்ந்து முடிவதற்குள், அவள் வீடு திரும்புவாளா மாட்டாளா என்பதும் தேர்ந்து முடிந்துவிடும். அண்ணிக்கு அது தெரியும். ஒரே ஒரு வாக்கியம் சொல்லப்பட வேண்டும் என்பதும் தெரியும். அதைக் கணவர் சொல்வாரா என்று காலையிலிருந்து அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாயோ தக்காளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

“அப்பா, இந்தக் கொடித் தக்காளி வேண்டாம்” என்றாள் மகள். எக்ஸ்ரே நிலையத்தில் வேலை பார்ப்பவள். எதையும் உள்ளே பார்த்த பிறகே நம்புகிறவள். “கழி நடணும், கட்டணும், கிள்ளி விடணும். உங்க முழங்கால் படத்தை நான்தானே எடுத்தேன்? அதைப் பாத்தா கழியே உங்களுக்குத்தான் கட்டணும்.”

“லிஃப்ட்டுக்கே கயிறு கட்டினவன்டீ நான். ஒரு தக்காளிக்குக் கட்ட மாட்டேனா?”

“குட்டை ரகம் போடுங்க. கட்டவே வேண்டாம். எல்லாம் ஒரே சமயத்துல பழுத்துடும்.”

“ஒரே சமயத்துல பழுத்தா? ஒரு வாரம் தக்காளியாத் தின்னுட்டு, மிச்ச நாளெல்லாம் அடுத்த வீட்டுத் தக்காளியை எட்டிப் பாக்கவா?”

வாசற்கதவின் கொக்கி ஓசையிட்டது.

“பாகல் வந்திருக்கு! சீக்கிரம் கதவைத் திறங்க, இல்லேன்னா வாசப்படியும் கசந்துடும்!”

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு நிம்மதி இருந்தது. பார்த்தீர்களா, அவளே சொல்லிவிட்டாள், அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று தோள்கள் தளர்ந்தன. மகள் சிரிக்கவில்லை. அண்ணிக்கோ, வாசலில் ஒலித்த அந்த வேடிக்கைக் குரல் நெஞ்சில் வந்து தைத்தது. அடித்தவன் கையிலிருந்த கோலை வாங்கி, தன்னைத் தானே அடித்துக்காட்டிச் சிரிக்க வைக்கும் நிலைக்கு ஒருத்தி வந்துவிட்டாள் என்றால், அந்த வீட்டில் எத்தனை அடி விழுந்திருக்கும்!

தங்கை உள்ளே வந்தாள். விரல்களில் கண்ணாடி கீறிய பழைய தழும்புகள். சமையலறையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

“அலமாரியை இந்தப் பக்கம் மாத்திட்டீங்களா, அண்ணி?”

“அது மாத்தி ரொம்ப நாளாச்சும்மா.”

“ஓ.”

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். அண்ணி அந்தப் பையைக் கவனித்தாள்.

ஆனால் பொட்டலங்கள் கைக்கு வந்ததும் தங்கை வேறொருத்தி ஆனாள். கண்ணருகே தூக்கி, சட்டத்துக்கு மரம் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்.

“வெண்டையில இந்தக் குட்டை ரகமே நல்லது. பறிக்கிறப்போ அண்ணன் எக்க வேண்டாம். கத்தரியில குண்டு எடுங்க. நீளக் கத்தரி வளைஞ்சு கேள்விக்குறி மாதிரி தொங்கும்; அண்ணனுக்குக் கேள்வின்னாலே ஆகாது.”

“பாரு, வந்தவுடனே ஆரம்பிச்சுட்டா!” மெக்கானிக் மகிழ்ந்து போனார். “தக்காளி சொல்லு.”

“ரெண்டும் போடு. முன்னால குட்டை, பின்னால கொடி. குட்டை முடியறப்போ கொடி ஆரம்பிக்கும். இதுக்கா ரெண்டு பேரும் சண்டை போட்டீங்க? தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.”

மகள் கை தட்டினாள். பை மடியிலிருந்து இறங்கி நாற்காலிக் காலருகே அமர்ந்தது. அண்ணி மூச்சு விட்டாள்.

பூவிதைகளின் முறை வந்தபோது மெக்கானிக் அவற்றை விரலால் ஒதுக்கினார். “இதெல்லாம் எதுக்கு? செண்டுமல்லியைப் பொரிச்சுத் திங்கவா?”

“பூ இல்லேன்னா தேனீ எதுக்குண்ணா உன் கொல்லைக்கு வரும், உன் முகத்தைப் பாக்கவா? தேனீ வராட்டி முலாம் எங்கேருந்து காய்க்கும்? முலாம் பாத்தியைச் சுத்தி செண்டுமல்லி போடு. வேலியோரம் சூரியகாந்தி. காசித்தும்பையை அண்ணிக்காகப் போடு. அவங்களுக்குப் பிடிக்கும். இந்த வீட்டுல அவங்களை யாராவது கேட்டிருக்கீங்களா?”

யாரும் கேட்டதில்லை. அண்ணி முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“சரி, சரி” என்றார் மெக்கானிக். பிறகு, முலாம்பழப் பொட்டலங்களைச் சேர்த்தெடுத்துத் தங்கையின் பக்கம் தள்ளினார். “முலாம்ல எதுன்னு நீயே சொல்லும்மா.”

இதை அவருடைய சமாதானத் தூது என்று அண்ணி புரிந்துகொண்டாள். மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருந்தார் அம்மனிதர். முலாம்பழத்தைக்கூட.

தங்கையின் கை பாதி வழியில் நின்றது.

“இது மட்டும் வேண்டாம்ணா. நீயே எடு. நான் தொடலை.”

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, தங்கை தண்ணீருக்குக் கூஜாவைத் தூக்கினாள். பின்னாலிருந்த பொட்டலம் வெளிப்பட்டது.

“இது எப்படி இங்க?”

“நான்தான் வாங்கினேன்” என்றாள் அண்ணி. “உனக்குத்தான்.”

தங்கை பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருந்த முள்முள்ளான பச்சைக் காயைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வைத்தாள்.

“வேண்டாம் அண்ணி. பக்கத்துல இருக்கிறதெல்லாம் எதுக்குக் கெட்டுப் போகணும்? என் பால்கனியில ஒரே ஒரு தொட்டிதான் வெச்சிருக்கேன். பக்கத்து வீட்டு அக்கா சுவரோரமா ரோஜா வெச்சிருக்காங்க. அதனால என் தொட்டியை இந்தக் கோடிக்கு இழுத்து வெச்சுட்டேன். வெயில் அங்க வராது, செடி சோகையாத்தான் நிக்குது. பரவாயில்லை. அவங்க ரோஜாவுக்கு ஏன் வம்பு?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மெக்கானிக்கும் சிரிக்கத் தயாரானார். ஆனால் அண்ணி அந்தக் கண்களைப் பார்த்தாள். அங்கே வேடிக்கை இல்லை. தோழர்களே, இவ்வளவு நாளும் அண்ணி என்ன நினைத்திருந்தாள் தெரியுமா? பழியைக் கேட்டு மனம் நொந்து அவள் போய்விட்டாள் என்று. அவள் அந்தப் பழியை நம்பினாள் என்று நினைக்கவே இல்லை. தன் கை தொட்டால் அயல்வீட்டு ரோஜா வாடும் என்று அஞ்சி, வெயில் இல்லாத மூலைக்குத் தன் தொட்டியைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு பெண் இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறாள்!

அண்ணி கணவரைப் பார்த்தாள். இப்போது சொல்லுங்கள் என்றது அந்தப் பார்வை. அவர் தர்பூசணிப் பொட்டலத்தைக் குலுக்கி, உள்ளே விதை ஓடும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது உன் கொடியால இல்ல” என்றாள் அண்ணி.

“எது?”

“முலாம் கசந்தது. உன் பாகலால இல்ல. பாகலும் முலாமும் ஒட்டாதாம், உறவே கிடையாதாம். பக்கத்துல வெச்சா ஒண்ணும் ஆகாது. ஹைபிரிட் பழத்து விதையைத் திருப்பிப் போட்டதாலதான் அப்படி ஆச்சு. விதைக்கடையில சொன்னாங்க.”

தங்கை முதலில் சிரித்தாள். “சும்மா இருங்க அண்ணி. என்னை இங்க கூட்டிட்டு வர்றதுக்காகச் சொல்றீங்க.”

“இல்லம்மா. என் தலைமேல சத்தியம்.”

“எப்போ தெரிஞ்சுது?”

“போன வாரம்.”

“அண்ணனுக்கு?”

“அன்னிக்கே பஸ்ஸுல சொல்லிட்டேன்.”

தங்கை மெதுவாகத் தமையனின் பக்கம் திரும்பினாள். அவர் தர்பூசணியைக் கீழே வைத்தார்.

“விதைக்கடைக்காரி விக்கிறதுக்காக ஆயிரம் சொல்லுவா. ஹைபிரிட்டுல எடுக்காதே, எங்ககிட்டயே வாங்குன்னு சொல்றது அவ பொழப்பு. அதையெல்லாம் வேதவாக்கா எடுத்துக்கிட்டு…”

“சரிண்ணா, அவ பொய்யே சொல்லட்டும்.” தங்கையின் குரல் உயரவில்லை. கண்ணாடியை வெட்டுவதற்குமுன் கோடு கிழிப்பவளின் நிதானம் அதில் இருந்தது. “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அதுக்கடுத்த வருஷம் கொடியும் இல்ல, நானும் இல்ல. அந்த வருஷம் முலாம் போட்டியா?”

“போட்டேன்.”

“அதே விதையா?”

“ம்.”

“பழம் எப்படி இருந்துச்சு?”

எளிய கேள்வி. விதை போட்ட எவரும் கேட்கக்கூடிய கேள்வி. ஆனால் அந்த வீட்டில் ஒருவருமே அதைக் கேட்டதில்லை. குற்றவாளி போன பிறகும் குற்றம் நடந்ததா என்று பார்க்காத நீதிமன்றம் அது.

“பூச்சி விழுந்துடுச்சு” என்றார் மெக்கானிக். “எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டேன். பழமே வரலை.”

“வந்துச்சுப்பா.”

சொன்னவள் மகள். அவளுடைய குரல் அவளுக்கே புதிதாய் ஒலித்திருக்க வேண்டும், ஒருகணம் தயங்கினாள். “நான் ஒரு பிஞ்சுல நகத்தால என் முதல் எழுத்தைக் கீறி வெச்சிருந்தேன். காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெரிசாச்சு. தினமும் ஸ்கூல் விட்டதும் போய்ப் பாப்பேன். ஒருநாள் வந்து பாத்தா கொடியே இல்ல. நீங்க பூச்சின்னு சொன்னீங்க. நான் அழுதேன்.”

“குழந்தைதானே, ஒரு பழத்துக்காக அழுதே…”

“பழத்துக்காக அழுதேன், சரி. அப்புறம் குப்பைக்குழியில அதைப் பாத்தேன்ப்பா. என் எழுத்து இருந்துச்சு. ரெண்டா வெட்டி, ஒரு வாய் கடிச்சிருந்துச்சு. எலி கடிச்சிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.” அவள் தந்தையை நிமிர்ந்து பார்த்தாள். “எலி கத்தியால வெட்டுமாப்பா?”

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. அண்ணியின் கை அடுப்பை அணைத்தது. மனம் வேறெங்கோ ஓடிவிட்டது.

அவளுக்கு அந்த நாள் நினைவு வந்தது. சலவைக்கூடத்திலிருந்து திரும்பி வந்தபோது தொட்டித் தண்ணீரில் பழக்கத்தி கிடந்தது. அலகில் முலாம்பழ விதைகள் ஒட்டியிருந்தன. கொல்லையில் கொடிகள் பிடுங்கிக் குவிக்கப்பட்டிருந்தன. கணவர் நாற்காலியில் கண்களை மூடிச் சாய்ந்திருந்தார். பழம் வரவில்லை, பூச்சி விழுந்துவிட்டது என்றார். கத்தியிலோ விதை. பூச்சி விழுந்த காயை வெட்டித் தின்பவர் யார் என்று அவள் மனம் கேட்டது. ஒரு நொடிதான். பிறகு குழாயைத் திறந்தாள்.

என்ன கறை என்று கேட்காமல் கழுவினாள்.

அந்த ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால்! மறுநாள் காலைப் பேருந்திலேயே நாத்தனாரின் அறைக்குப் போயிருக்கலாம். பெட்டியைத் தூக்கி வந்திருக்கலாம். பின்னறையில் மரத்தூளும் பசையும் மணக்க, இந்தக் குழந்தை அத்தையின் மடியிலேயே வளர்ந்திருக்கும். கேட்கவில்லை. குழாயடியில் விதைகள் வழுக்கி ஓடின. அதோடு எத்தனையோ ஆண்டுகள் வழுக்கி ஓடின.

“அப்போ என் கொடி இல்லாமலும் கசந்திருக்கு. அந்த வருஷமே உனக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் தங்கை.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். “தெரிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது? சந்தேகம் வந்துச்சு. அதுக்குள்ள நீயும் அங்க செட்டில் ஆயிட்டே. பேரும் ஒரு விளையாட்டா ஆயிப் போச்சு. நீயே சிரிச்சுக்கிட்டுத்தானே…”

“ஆமா, நானே சிரிச்சேன். சிரிக்காம இருந்தா ‘பாரு, முகமும் கசக்குது’ன்னு சொல்லுவீங்கன்னு சிரிச்சேன்.” அவள் காலருகே இருந்த பையை எடுத்தாள். “நீ அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னதுகூடப் பெரிசில்லண்ணா. கோபத்துல சொன்னே. நான் அதை நம்பினேன் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை. ஒரு செடிகூடச் சந்தோஷமா வைக்கலையே நான்!”

“அத்தை, உக்காருங்க” என்று மகள் கையைப் பிடித்தாள்.

“விடும்மா. நீ ஒருத்தியாவது பாத்ததைப் பாத்தபடி சொன்னே.”

அவள் நின்றபடியே பொட்டலங்களை அடுக்கினாள். எடுத்த வேலையைப் பாதியில் விடும் கை அல்ல அது. குண்டுக் கத்தரி, குட்டை வெண்டை, இரண்டு தக்காளி, அண்ணிக்குக் காசித்தும்பை. முலாம்பழத்தில் ஒன்றை எடுத்து, திருப்பிப் படித்து, தமையனின் முன் வைத்தாள். தொடமாட்டேன் என்றவள் இப்போது தொட்டாள். “இது நாட்டு ரகம். இதுலேருந்து விதை எடுக்கலாம், பக்கத்துல வேற முலாம் இல்லேன்னா மாறாது.” பிறகு கவிழ்த்து வைத்திருந்த பாகலை நிமிர்த்தி, அதன் அருகே வைத்தாள்.

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடு. உன் கையால போடு. பழுத்ததும் அன்னிக்கு வந்தவங்களையெல்லாம் கூப்பிடு.”

“அவங்களையா? பாதிப் பேர் எங்கெங்கயோ போயிட்டாங்களே!”

“மிச்சப் பேரைக் கூப்பிடு. சிரிச்சாரே ஒருத்தர், அவர் இருந்தா முதல்ல அவரைக் கூப்பிடு. அவங்க முன்னாடி பழத்தை வெட்டு. வெட்டிட்டு, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு. அப்போ நானும் வர்றேன். பெட்டியோட வர்றேன்.”

“அதுக்குப் பருவமே முடிஞ்சுடுமேம்மா!” அண்ணி பதறினாள். “மாசக் கடைசியில கட்டடத்தை இடிக்கிறாங்க. அதுவரைக்கும் எங்க இருப்பே?”

“எங்கயாவது இருப்பேன். இத்தனை நாள் இருக்கலையா?”

வாசற்படியில் அண்ணி அவளுடைய கையைப் பற்றினாள். சொல்ல நினைத்தது நிறைய. வாயில் வந்தது ஒன்றுதான். “அந்தக் கத்தியைக் கழுவினது நான்தான். விதை ஒட்டியிருந்ததைப் பாத்தேன். கேக்காமக் கழுவிட்டேன்.”

தங்கை அவளை நீண்ட நேரம் பார்த்தாள். கையை உதறவில்லை, இறுகப் பிடிக்கவுமில்லை.

“நீங்களுமா, அண்ணி?”

கொக்கி ஓசையிட்டது. தெரு அவளைக் கொண்டு போயிற்று.

அண்ணி சமையலறைக்குத் திரும்பியபோது மெக்கானிக் அங்கே இல்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். வேலியோரம், முன்பு பாகல்கொடி படர்ந்திருந்த இடத்தில், வலிக்கும் முழங்காலைப் பிடித்தபடி நின்றிருந்தார். கையில் இரண்டு பொட்டலங்கள். கிழிக்கவில்லை; எறியவுமில்லை.

அவள் அருகே போனாள்.

“நீயும் அன்னிக்குக் கேக்கலையே” என்றார் அவர், திரும்பாமலே. “கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“ஆமா, கேக்கலை” என்றாள் அண்ணி. “இப்போ கேக்குறேன். போடப் போறீங்களா, இல்லையா?”

மண் கெட்டிப்பட்டுக் கிடந்தது. அவர் அதைச் செருப்பு நுனியால் கீறிப் பார்த்தார்.

தோழர்களே, அவர் பொட்டலத்தைக் கிழிப்பாரா என்பதை அறிய நீங்கள் ஒரு வாரம் காத்திருக்கலாம். அதனால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி காத்திருக்கிறாளே, அவள் எதற்காக இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்? எந்தப் பழம் கசந்ததற்கு எவள்மேல் விரல் நீட்டினீர்கள்? விரல் நீட்டியவர் நீங்களா, கூடி நின்று சிரித்தவரா, பேசாமல் கத்தியைக் கழுவியவரா? இதழை மூடி வையுங்கள். எழுந்து போங்கள். தனியே அழைத்துக் காதோடு சொல்லாதீர்கள். யார் யார் முன்னால் அந்தப் பழி விழுந்ததோ, அவர்களை எல்லாம் அதே மேசைக்குக் கூட்டுங்கள். அவர்கள் காது கேட்க, அவள் முகம் பார்த்து, உரக்கச் சொல்லுங்கள்: “அது உன்னால் இல்லை.”

இன்றே சொல்லுங்கள். அவளுடைய தொட்டி இன்னும் வெயில் படாத மூலையில்தான் இருக்கிறது.